செய்தி வந்த வழியிலேயே விசாரிக்காதீர்கள்

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு காலை. எழுந்ததும் போனைப் பார்த்தால் பழைய நண்பர் ஒருவரிடமிருந்து வாட்ஸ்அப் செய்தி. "வணக்கம், தவறுதலாக உங்கள் எண்ணுக்கு ஆறு இலக்கக் குறியீடு ஒன்றை அனுப்பிவிட்டேன். அதைக் கொஞ்சம் எனக்கு அனுப்ப முடியுமா? அவசரம்." எஸ்எம்எஸ் பெட்டியில் உண்மையாகவே ஒரு குறியீடு வந்து உட்கார்ந்திருந்தது. நானும் நல்ல பிள்ளையாக அதைத் தட்ட ஆரம்பித்தேன். நான்காவது எண்ணில் விரல் நின்றது. இந்த மனிதர் இருபது வருடமாக என்னை "யோவ்" என்றுதான் கூப்பிடுவார். என்றைக்கு "உங்கள்" என்று எழுதினார்?

போன் போட்டேன். "நேத்து ராத்திரியே என் வாட்ஸ்அப் போச்சுய்யா. எனக்கும் இதே மாதிரி ஒருத்தர்கிட்டேருந்து வந்தது, கொடுத்துட்டேன்" என்றார். அதற்குள் அவர் பெயரில் பலருக்கும் செய்தி போயிருந்தது. இரண்டு பேர் பணமும் அனுப்பியிருந்தார்கள்.

நான் தப்பியதில் என் சாமர்த்தியம் எதுவும் இல்லை. அந்த "யோவ்" மட்டும் இருந்திருந்தால் மீதி இரண்டு எண்ணையும் தட்டியிருப்பேன். இனிமேல் அப்படிப்பட்ட அதிர்ஷ்டத்தை நம்பிக்கொண்டிருக்க முடியாது. மோசடிக்காரர்கள் பழைய உரையாடலைப் படித்துவிட்டு அதே பேச்சு வழக்கில் எழுதக் கற்றுக்கொண்டுவிட்டார்கள். அதனால் சமூக வலைத்தளங்களுக்குப் புதிதாக வருபவர்கள் என்னிடம் கேட்டால் முதலில் ஒன்றுதான் சொல்வேன்: செய்தி எந்த வழியாக வந்ததோ அந்த வழியிலேயே அதை விசாரிக்காதீர்கள். வாட்ஸ்அப்பில் வந்ததா, எண்ணுக்குப் போன் செய்யுங்கள். ஃபேஸ்புக் இன்பாக்ஸில் வந்ததா, வேறு ஒருவர் மூலம் கேளுங்கள். மின்னஞ்சலில் வந்த எச்சரிக்கையா, அதிலுள்ள லிங்க்கைத் தொடாமல் செயலியை நீங்களாகவே திறந்து பாருங்கள். திருடன் கையில் இருக்கும் போனிலேயே "நீ திருடனா?" என்று எழுதிக் கேட்டால் என்ன பதில் வரும்?

அந்த ஆறு எண் எதற்கு?

இதைப் புரிந்துகொண்டால் பாதி மோசடி புரிந்த மாதிரி. வாட்ஸ்அப்பில் கணக்குக்குத் தனிக் கடவுச்சொல் கிடையாது. உங்கள் போன் எண்தான் அடையாளம். யார் வேண்டுமானாலும் தன் போனில் வாட்ஸ்அப்பை நிறுவி உங்கள் எண்ணைத் தட்டலாம். உடனே வாட்ஸ்அப் அந்த எண்ணின் உண்மையான சொந்தக்காரருக்கு, அதாவது உங்களுக்கு, ஆறு இலக்கக் குறியீட்டை அனுப்பும். அதை யார் தட்டுகிறாரோ அவருக்குக் கணக்கு. "தவறுதலாக அனுப்பிவிட்டேன்" என்பது வெறும் கதை. யாரோ தன் எண்ணுக்குப் பதில் உங்கள் எண்ணைத் தவறாகத் தட்டியிருந்தாலும், வந்த குறியீடு உங்கள் கணக்குக்குத்தான். நீங்கள் கேட்காமல் குறியீடு வந்தால், பெரும்பாலும் யாரோ உங்கள் கதவைத் தட்டிப் பார்க்கிறார்கள் என்று பொருள்.

இன்னொரு வகையும் உண்டு. வாட்ஸ்அப் கணக்கைக் கணினியிலும் வேறு கருவிகளிலும் இணைத்துக்கொள்ளலாம். கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்து இணைக்கலாம். அல்லது எட்டு எழுத்துகள் கொண்ட குறியீட்டை உங்கள் போனில் தட்டியும் இணைக்கலாம். "இந்தப் போட்டியில் என் மகளுக்கு ஓட்டுப் போடுங்கள்", "இந்தப் படத்தில் இருப்பது நீங்களா?" என்று வரும் லிங்க்கைத் திறந்தால், ஓட்டைப் பதிவு செய்ய இந்தக் குறியீட்டை வாட்ஸ்அப்பில் தட்டுங்கள் என்று சொல்வார்கள். தட்டிவிட்டால் உங்கள் வாட்ஸ்அப் உங்களிடமே இருக்கும். கூடவே இன்னொருவர் வீட்டிலும் திறந்திருக்கும். முதல் வகையில் கணக்கு போனதாவது தெரியும். இதில் அதுவும் தெரியாது. எனக்கு இதுதான் அதிகம் பயமாக இருக்கிறது.

முதல் வேலை: கதவுகளைப் பூட்டுவது

அரை மணி நேரம் ஒதுக்குங்கள். வரிசை முக்கியம்.

மின்னஞ்சலில் இருந்து தொடங்குங்கள். பலர் ஃபேஸ்புக்குக்கு நீளமான கடவுச்சொல் வைத்துவிட்டு, மின்னஞ்சலைப் பத்து வருடப் பழைய கடவுச்சொல்லோடு விட்டிருப்பார்கள். எந்தத் தளத்திலும் "கடவுச்சொல் மறந்துவிட்டது" என்று அழுத்தினால் கடிதம் மின்னஞ்சலுக்குத்தான் போகும். அங்கே நுழைந்தவருக்கு மற்ற எல்லாக் கணக்கும் திறந்த வீடு. ஆகவே மின்னஞ்சலுக்கு வேறெங்கும் பயன்படுத்தாத, நீளமான கடவுச்சொல். சம்பந்தமில்லாத நான்கைந்து சொற்களைக் கோத்து எழுதினாலே போதும்; நினைவிலும் நிற்கும்.

அப்புறம் ஒவ்வொரு தளத்துக்கும் தனித்தனிக் கடவுச்சொல். இத்தனையும் யார் நினைவில் வைத்துக்கொள்வது என்றால், கடவுச்சொல் மேலாளர் என்ற வகைச் செயலிகள் இருக்கின்றன. ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டிலும் கூடவே வருகிறது. இதில் பலர் கவனிக்காத ஒரு நன்மை உண்டு. உண்மையான ஃபேஸ்புக் பக்கத்தில் அது கடவுச்சொல்லைத் தானே நிரப்பும்; ஃபேஸ்புக் போலவே வரைந்து வைத்த போலிப் பக்கத்தில் நிரப்பாது. உங்கள் கண் படத்தைப் பார்க்கிறது, அது முகவரியைப் பார்க்கிறது. வழக்கமாக நிரப்புவது ஒரு நாள் நிரப்பவில்லை என்றால், கையால் தட்டுவதற்கு முன் நிதானித்து முகவரியைப் பாருங்கள்.

மூன்றாவது, இரண்டு படிச் சரிபார்ப்பு. ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், டெலிகிராம், எக்ஸ் (பழைய ட்விட்டர்), மின்னஞ்சல் எல்லாவற்றிலும் செட்டிங்ஸில் பாதுகாப்புப் பகுதியில் இருக்கும். எஸ்எம்எஸ்ஸில் வரும் குறியீடு ஒன்றும் இல்லாததற்கு மேல். ஆனால் உங்கள் எண்ணையே வேறு சிம்முக்கு மாற்றிவிட்டால் அந்தக் குறியீடும் திருடனுக்குப் போகும். 2019 ஆகஸ்டில் ட்விட்டரின் தலைமை அதிகாரியாக இருந்த ஜாக் டோர்சியின் சொந்த ட்விட்டர் கணக்கே, அவருடைய போன் எண் பிறர் வசமானதால்தான் கைமாறியது. அதைவிட நல்லது கூகுள் அதென்டிகேட்டர் போன்ற செயலி; முப்பது விநாடிக்கு ஒருமுறை மாறும் எண்ணை உங்கள் போனிலேயே உருவாக்கும், சிம்முக்கும் அதற்கும் தொடர்பில்லை. எல்லாவற்றிலும் நல்லது பாஸ்கீ. கைரேகை அல்லது போன் பூட்டை வைத்து நுழைவது. போலிப் பக்கத்தில் நீங்கள் ஏமாந்து அழுத்தினாலும் பாஸ்கீ அங்கே வேலை செய்யாது, ஏனென்றால் அது உண்மையான தளத்தின் முகவரியோடு கட்டப்பட்டது. எந்தத் தளம் இந்த வசதியைக் கொடுக்கிறதோ அங்கே கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக்கொள்ளுங்கள்.

இவற்றை இயக்கும்போது தளம் சில காப்புக் குறியீடுகளைத் தரும். போன் தொலைந்தால் அவைதான் உங்களைக் காப்பாற்றும். காகிதத்தில் எழுதி வீட்டில் வையுங்கள். ஸ்கிரீன்ஷாட் எடுத்து அதே போனில் வைப்பது, சாவியை வீட்டுக்குள்ளேயே வைத்துப் பூட்டுவது போல.

வாட்ஸ்அப்பில் இரண்டு வேலை. செட்டிங்ஸில் கணக்குப் பகுதிக்குப் போய், இரண்டு படிச் சரிபார்ப்பை இயக்கி, ஆறு இலக்க ரகசிய எண் ஒன்றை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். எஸ்எம்எஸ் குறியீடு பறிபோனாலும் இந்த எண் இல்லாமல் நுழைய முடியாது. பிறந்த தேதியை வைக்காதீர்கள். அது உங்கள் ஃபேஸ்புக்கிலேயே இருக்கிறது. அடுத்து, லிங்க்டு டிவைசஸ் பகுதியைத் திறந்து பாருங்கள். நீங்கள் இணைக்காத கருவி ஏதாவது பட்டியலில் இருந்தால் அதைத் தொட்டு வெளியேற்றுங்கள். இதை மாதம் ஒருமுறை பார்ப்பது என் பழக்கம். பத்து விநாடிகூட ஆகாது. ஃபேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் எந்தெந்தக் கருவியில் கணக்கு திறந்திருக்கிறது என்று காட்டும் பட்டியல் இதே போல உண்டு.

வெளியில் தெரிவதைக் குறைப்பது

உங்கள் படத்தையும் பெயரையும் எடுத்துப் புதிதாக ஒரு கணக்கு தொடங்க யாருக்கும் இரண்டு நிமிடம் போதும். கடவுச்சொல்லே தேவையில்லை. பிறகு அந்தக் கணக்கிலிருந்து உங்கள் நண்பர்களுக்கு அழைப்புப் போகும், "பழைய கணக்கு முடங்கிவிட்டது" என்று. அடுத்த நாள் "மருத்துவமனையில் இருக்கிறேன், கொஞ்சம் பணம் வேண்டும்". இது நடக்க அவர்களுக்குத் தேவையான முக்கியமான பொருள் உங்கள் நண்பர்கள் பட்டியல். அதை மறைத்துவிட்டால் யாருக்குச் செய்தி அனுப்புவது என்று தெரியாமல் போகும். ஃபேஸ்புக்கில் தனியுரிமை அமைப்பில் நண்பர்கள் பட்டியலை யார் பார்க்கலாம் என்ற இடத்தில் "நான் மட்டும்" என்று மாற்றுங்கள். போன் எண், மின்னஞ்சல், பிறந்த ஆண்டு ஆகியவற்றையும் அப்படியே. வாட்ஸ்அப்பில் உங்களைக் குழுக்களில் யார் சேர்க்கலாம் என்பதை "என் தொடர்புகள்" என்று வையுங்கள். முதலீட்டுக் குழுக்களில் இழுத்துப் போடும் தொல்லை குறையும்.

"உங்கள் முதல் பள்ளி எது, முதல் வளர்ப்புப் பிராணியின் பெயர் என்ன, அதை வைத்து உங்கள் குணம் சொல்கிறோம்" என்று சுற்றும் விளையாட்டுகளைப் பார்த்திருப்பீர்கள். இந்தக் கேள்விகளையே பல தளங்களில் பாதுகாப்புக் கேள்வியாகவும் வைத்திருக்கிறார்கள். அவ்வளவுதான் சொல்ல வேண்டியது.

இனிமேல் மறைத்தாலும் ஏற்கெனவே வெளியே போனது போனதுதான். 2021 ஏப்ரலில் 53 கோடிக்கும் மேற்பட்ட ஃபேஸ்புக் பயனர்களின் போன் எண்களும் பிற விவரங்களும் இணையத்தில் பொதுவாகக் கிடைத்தன. உங்கள் எண்ணும் அதில் இருந்திருக்கலாம். ஆகவே ஒருவர் உங்கள் முழுப்பெயர், எண், ஊர், வேலை எல்லாம் சரியாகச் சொன்னாலும் அது எதற்கும் அத்தாட்சி இல்லை. "என் பெயரெல்லாம் சரியாகச் சொன்னாரே" என்று ஏமாந்தபின் சொல்பவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

நட்பழைப்பு வந்தால்

தெரிந்தவர் பெயரில் வந்தால், அவர் ஏற்கெனவே உங்கள் பட்டியலில் இருக்கிறாரா என்று முதலில் தேடுங்கள். இருந்தால் இரண்டாவது கணக்கு பெரும்பாலும் போலி. அவருக்கே போன் செய்து கேட்டுவிடுங்கள்.

தெரியாதவர் என்றால் மூன்று இடங்களைப் பாருங்கள். ஒன்று, கணக்கின் வயது. இன்ஸ்டாகிராமில் ஒருவரின் புரொஃபைலில் மூன்று புள்ளிகளைத் தொட்டு "இந்தக் கணக்கைப் பற்றி" என்பதைத் திறந்தால், எப்போது சேர்ந்தார் என்று பல கணக்குகளுக்குக் காட்டும். ஃபேஸ்புக் பக்கங்களுக்குப் பக்க வெளிப்படைத்தன்மை என்ற பகுதி உண்டு. பக்கம் எப்போது தொடங்கப்பட்டது, எத்தனை முறை பெயர் மாற்றியது, நடத்துபவர்கள் எந்த நாட்டில் இருக்கிறார்கள் என்றெல்லாம் அதில் தெரியும். ஒரு பெரிய நிறுவனத்தின் பெயரில் இருக்கும் பக்கம், போன மாதம் வரை நகைச்சுவைப் பக்கமாக இருந்தது என்று அதில் பார்த்தால் சிரிப்புத்தான் வரும்.

இரண்டு, படம். கூகுள் லென்ஸ் அல்லது டின்ஐ தளத்தில் அந்தப் படத்தைக் கொடுத்துத் தேடுங்கள். வேறு பெயரில் வேறு நாட்டில் இருக்கும் ஒருவருடைய படமாக இருந்தால் கதை முடிந்தது. தேடலில் எதுவும் கிடைக்காவிட்டால் உண்மையானவர் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். இல்லாத முகங்களையே செயற்கை நுண்ணறிவு வரைந்து தருகிறது.

மூன்று, பேச்சு. உண்மையானவர்களின் பக்கத்தில் பழைய பதிவுகளுக்குக் கீழே கேலி, சண்டை, உள்வட்டப் பேச்சு இருக்கும். போலிகளின் பக்கத்தில் "நைஸ்", "சூப்பர்" மட்டும்.

பெயருக்குப் பக்கத்தில் நீல டிக் இருக்கிறதே என்று கேட்பீர்கள். 2022 நவம்பரிலிருந்து ட்விட்டரிலும், 2023 முதல் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராமிலும் மாதச் சந்தா கட்டி அதைப் பெறலாம். உண்மையான பிரபலங்களின் கணக்காகவே இருந்தாலும் சொல்வது அவர்தான் என்றில்லை. 2020 ஜூலையில் ஒபாமா, பில் கேட்ஸ், எலான் மஸ்க் உள்ளிட்டோரின் உண்மையான ட்விட்டர் கணக்குகளிலிருந்தே "பிட்காயின் அனுப்புங்கள், இரட்டிப்பாகத் திருப்பித் தருகிறேன்" என்று பதிவு வந்தது. ட்விட்டர் ஊழியர்களையே போனில் பேசி ஏமாற்றி உள்ளே நுழைந்திருந்தார்கள். சில மணி நேரத்தில் ஒரு லட்சம் டாலருக்கு மேல் சேர்ந்துவிட்டது.

லிங்க்கைப் படிக்கும் முறை

தொடுவதற்கு முன் லிங்க்கின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் முகவரி தெரியும். தொடக்கத்தில் வரும் இரட்டைச் சாய்கோட்டை விட்டுவிட்டு, அடுத்து வரும் முதல் ஒற்றைச் சாய்கோடு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். அதற்குப் பின்னால் எழுதியிருப்பதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். அந்தச் சாய்கோட்டில் இருந்து இடப்பக்கம் படியுங்கள். கடைசிப் புள்ளிக்குப் பின் வருவது டாட் காம், டாட் ஆர்க் போன்ற வால். வாலுக்கு நேர் முன்னால் நிற்கும் சொல்தான் சொந்தக்காரர். "ஃபேஸ்புக் டாட் ஹெல்ப்டெஸ்க் டாட் காம்" என்று இருந்தால் சொந்தக்காரர் ஹெல்ப்டெஸ்க் என்ற யாரோ. ஃபேஸ்புக் என்பது முன்னால் மாட்டிய பெயர்ப்பலகை. "ஃபேஸ்புக்-செக்யூரிட்டி டாட் காம்" என்பதும் ஃபேஸ்புக் இல்லை, இடைக்கோடு சேர்ந்ததும் அது வேறு பெயர். சில நாட்டு முகவரிகளில் வால் இரண்டு துண்டாக இருக்கும். அப்போது மட்டும் ஒரு சொல் கூடுதலாக இடப்பக்கம் நகர வேண்டும்.

முகவரிக்குப் பக்கத்தில் பூட்டுப் படம் இருப்பதால் பாதுகாப்பு என்று நினைக்காதீர்கள். உங்களுக்கும் அந்தத் தளத்துக்கும் நடுவில் யாரும் ஒட்டுக் கேட்க முடியாது என்று மட்டுமே அதற்குப் பொருள். மறுமுனையில் இருப்பவரே திருடன் என்றால் அவரோடு ரகசியமாகப் பேசுகிறீர்கள்.

சுருக்கப்பட்ட லிங்க்குகளில் இந்த வித்தை பலிக்காது. இப்படிக் கணக்குப் போடுவதெல்லாம் சலிப்பாக இருந்தால் எளிய வழி: லிங்க்கை விட்டுவிட்டு செயலியை நேராகத் திறங்கள். "உங்கள் பக்கம் காப்புரிமையை மீறியுள்ளது, 24 மணி நேரத்தில் நீக்கப்படும்" என்று இன்ஸ்டாகிராம் பெயரில் மிரட்டல் வந்தால், செட்டிங்ஸில் பாதுகாப்புப் பகுதியில் அண்மையில் இன்ஸ்டாகிராம் அனுப்பிய மின்னஞ்சல்களின் பட்டியல் உண்டு. அதில் இல்லையென்றால் மிரட்டியது வேறு யாரோ.

வாட்ஸ்அப்பில் ஏபிகே என்று முடியும் கோப்பு வந்தால், அழைப்பிதழ், வங்கி அறிவிப்பு என எந்தப் பெயரில் இருந்தாலும் திறக்காதீர்கள். அது செயலியை நிறுவும் கோப்பு. அழைப்பிதழுக்குச் செயலி எதற்கு?

அதிகம் பணம் போகும் இடம்

அமெரிக்காவின் மத்திய வணிக ஆணையம் 2021ஆம் ஆண்டுப் புகார்களைத் தொகுத்தபோது, சமூக வலைத்தளத்தில் தொடங்கிய மோசடிகளில் 95,000க்கு மேற்பட்டோர் சுமார் 77 கோடி டாலர் இழந்திருந்தார்கள். எண்ணிக்கையில் அதிகம், விளம்பரத்தைப் பார்த்துப் பொருள் வாங்கப் போனவர்கள். தொகையில் அதிகம் முதலீடு, அடுத்தது காதல். கடை மோசடியில் போவது பெரும்பாலும் சின்னத் தொகை. முதலீட்டில் ஆயுள் சேமிப்பே போகிறது.

கடை விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். விளம்பரம் வருகிறது என்பதற்காக அந்தக் கடையைத் தளம் சோதித்துவிட்டது என்று பொருள் இல்லை. கடையின் பெயரோடு "மோசடி" என்ற சொல்லையும் சேர்த்துத் தேடுங்கள். பணத்தைத் திரும்பக் கேட்க வழியுள்ள முறையில் மட்டும் செலுத்துங்கள். பரிசு அட்டை, கிரிப்டோ, தனிநபர் கணக்குக்கு நேரடியாக அனுப்புவது மூன்றும் வேண்டாம்.

இனி முதலீடும் காதலும். இவை இரண்டும் இப்போது ஒன்றாகக் கலந்துவிட்டன. முதல் செய்தி பெரும்பாலும் தப்பான எண்ணுக்கு வந்தது போல இருக்கும். "டாக்டர், நாளைக்கு என் நாய்க்கு ஊசி போட வரலாமா?" நீங்கள் "ராங் நம்பர்" என்பீர்கள். "மன்னியுங்கள், எவ்வளவு நல்ல மனது உங்களுக்கு" என்று பேச்சு வளரும். வாரக்கணக்கில் பணம் பற்றி ஒரு சொல் வராது. சாப்பிட்டீர்களா, தூங்கினீர்களா என்ற விசாரிப்புதான். ஒரு நாள் பேச்சுவாக்கில், மாமா ஒருவர் வணிகத்தில் கெட்டிக்காரர், அவர் சொல்லி நானும் கொஞ்சம் போட்டேன் என்று வரும். நீங்கள் கேட்டால்தான் சொல்வார்கள், அதுதான் தந்திரம். செயலி ஒன்றில் சிறு தொகை போடுவீர்கள், லாபம் காட்டும். எடுத்துப் பார்க்கவும் விடுவார்கள், உங்கள் கணக்குக்குப் பணம் உண்மையாகவே வந்து சேரும். இந்த இடத்தில்தான் படித்தவர்களும் விழுகிறார்கள். "எடுக்க முடிந்ததே, அப்போது மோசடி எப்படி?" என்று மனம் கேட்கிறது. அந்தச் சிறு தொகை தூண்டிலில் மாட்டிய புழு. பெரிய தொகை போட்டபின் எடுக்கப் போனால் வரி கட்டு, கட்டணம் கட்டு, கணக்கு முடக்கப்பட்டது என்று இழுப்பார்கள். திரையில் தெரியும் லாபம் யாரோ தட்டி வைத்த எண்.

சீன மொழியில் இதற்குப் பன்றியைக் கொழுக்க வைத்து அறுப்பது என்ற பொருளில் பெயர். இதன் இன்னொரு பக்கமும் கொடுமையானது. மியான்மரில் குறைந்தது 1,20,000 பேரும் கம்போடியாவில் சுமார் 1,00,000 பேரும் கட்டாயத்தின் பேரில் இந்த மோசடி வேலையில் அடைக்கப்பட்டிருக்கலாம் என்று ஐநா மனித உரிமை அலுவலகம் 2023 ஆகஸ்டில் சொன்னது. வெளிநாட்டு வேலை என்ற விளம்பரத்தை நம்பிப் போனவர்கள் அவர்களில் பலர். உங்களுக்குக் காலை வணக்கம் அனுப்புபவரே முதலில் ஏமாந்தவராக இருக்கலாம். அதற்காகப் பதில் எழுதிக்கொண்டிருக்க வேண்டாம், துண்டித்துவிடுங்கள்.

"வீடியோவுக்கு லைக் போட்டால் பணம்" என்று வரும் பகுதிநேர வேலையும் இதே கதைதான், காதல் மட்டும் இல்லை. முதலில் கொஞ்சம் பணம் கொடுப்பார்கள், டெலிகிராம் குழுவில் சேர்ப்பார்கள், அங்கே எல்லோரும் சம்பாதித்ததாகப் படம் போடுவார்கள். அடுத்த நிலை வேலைக்கு நீங்கள் பணம் கட்ட வேண்டும் என்று வரும். குழுவில் நூறு பேர் இருந்தால் தொண்ணூற்று ஒன்பது பேர் அவர்கள் ஆட்களாக இருக்கலாம். வேலை கொடுப்பவர் சம்பளம் தர வேண்டுமே தவிர வாங்கக் கூடாது, அவ்வளவுதான் கணக்கு.

வீடியோ அழைப்பில் முகம் பார்த்துவிட்டேன், குரல் கேட்டுவிட்டேன் என்பதும் இப்போது போதாது. 2024 தொடக்கத்தில் ஹாங்காங்கில் ஒரு நிறுவன ஊழியர், தன் அதிகாரியும் சக ஊழியர்களும் இருந்த வீடியோ கூட்டத்தை நம்பிச் சுமார் 20 கோடி ஹாங்காங் டாலரை அனுப்பினார். கூட்டத்தில் அவரைத் தவிர மற்றவர்கள் எல்லோரும் செயற்கையாக உருவாக்கப்பட்ட உருவங்கள். அழைப்பைத் துண்டித்து, உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் எண்ணுக்கு நீங்களாக அழைப்பது இன்றைக்கும் வேலை செய்கிறது. வீட்டுக்குள் மட்டும் தெரிந்த ஒரு சொல்லைப் பேசி வைத்துக்கொள்ளுங்கள்; அவசரம் என்று அழைப்பவர் அதைச் சொல்லட்டும். பழைய "யோவ்" உத்திதான், கொஞ்சம் திட்டமிட்டு.

புகார் சொல்லப் போகும் இடத்தில் ஒரு பொறி

ஒரு நிறுவனத்தைப் பற்றி எக்ஸிலோ ஃபேஸ்புக்கிலோ குறை எழுதினால், சில நிமிடங்களில் அதே பெயர், அதே சின்னத்தோடு ஒரு கணக்கு வந்து "சிரமத்துக்கு வருந்துகிறோம், உங்கள் எண்ணை அனுப்புங்கள்" என்று சொல்லும். உண்மையான நிறுவனம் தூங்கிக்கொண்டிருக்கும்போது சுறுசுறுப்பாக வருவது பெரும்பாலும் போலி! பிறகு போன் செய்து, எனிடெஸ்க் போன்ற திரைப் பகிர்வுச் செயலியை நிறுவச் சொல்வார்கள். நிறுவினால் உங்கள் திரையில் வரும் ஓடிபி அவர்களுக்கும் தெரியும். வாடிக்கையாளர் உதவிக்கு நிறுவனத்தின் சொந்தச் செயலியில் அல்லது பில்லில் உள்ள எண்ணை மட்டும் பயன்படுத்துங்கள்.

படத்தை வைத்து மிரட்டினால்

தெரியாதவர் வீடியோ அழைப்பில் வந்து, பதிவு செய்து, அல்லது முகத்தை வேறு படத்தில் ஒட்டி, நண்பர்களுக்கெல்லாம் அனுப்பிவிடுவேன் என்று பணம் கேட்பது. பணம் கொடுக்காதீர்கள், கொடுப்பவரிடம் மீண்டும் கேட்பார்கள். செய்திகளையும் கணக்கு விவரத்தையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டு பேச்சை நிறுத்துங்கள். ஸ்டாப் என்சிஐஐ என்ற இலவசத் தளம் 2021 முதல் இயங்குகிறது. படத்தை எங்கும் அனுப்பாமல், உங்கள் கருவியிலேயே அதன் எண் அடையாளம் ஒன்றை உருவாக்கி, பங்கேற்கும் தளங்களுக்குக் கொடுத்துப் பரவாமல் தடுக்கும். 18 வயதுக்குள் எடுத்த படமென்றால் டேக் இட் டவுன் என்ற சேவை. வீட்டில் பிள்ளைகள் இருந்தால், இப்படி ஒன்று நடந்தால் திட்ட மாட்டோம் என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள். திட்டுக்குப் பயந்து மறைப்பதை வைத்துத்தான் மிரட்டுபவர் பிழைக்கிறார்.

ஏமாந்தாகிவிட்டதா? வரிசை இதுதான்

1. பணம் போயிருந்தால் முதல் அழைப்பு வங்கிக்கு, அட்டையின் பின்புறம் உள்ள எண்ணில். பணம் கை மாறிக்கொண்டே இருக்கும், நிமிடங்கள் முக்கியம். பிறகு உங்கள் நாட்டின் இணையக் குற்றப் பிரிவில் புகார்.

2. உரையாடலை அழிக்காதீர்கள். கோபத்தில் பிளாக் செய்யுமுன் எண், பயனர் பெயர், பணம் போன கணக்கு, பரிவர்த்தனை எண், தேதி எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். போலிக் கணக்குகள் பெயரை மாற்றிக்கொண்டே இருக்கும் என்பதால் புரொஃபைல் முகவரியையும் நகலெடுத்து வையுங்கள். அதன்பின் ரிப்போர்ட், பிளாக்.

3. கணக்கு போயிருந்தால்: வாட்ஸ்அப் என்றால் உங்கள் எண்ணை மறுபடி பதிவு செய்யுங்கள். புதுக் குறியீடு உங்களுக்கு வரும், தட்டியதும் மற்றவர் வெளியேற்றப்படுவார். அவர் ரகசிய எண் வைத்திருந்தால் நீங்கள் ஏழு நாள் காத்திருக்க வேண்டும். ஆனால் அந்த ஏழு நாளும் அவராலும் உள்ளே வர முடியாது. ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் இரண்டிலும் உதவிப் பகுதியில் ஹேக் செய்யப்பட்ட கணக்கை மீட்பதற்கென்றே தனிப் பக்கம் உண்டு. நீங்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் கருவியிலிருந்தே முயலுங்கள், அடையாளம் காண எளிது. மீட்டதும் கடவுச்சொல்லோடு, இணைத்த மின்னஞ்சலையும் போன் எண்ணையும் சரிபாருங்கள். திருடன் தன்னுடையதைச் சொருகி வைத்திருப்பான்.

4. நண்பர்களுக்குச் சொல்லுங்கள், உடனே, வேறு வழியாக. வெட்கம் பார்த்து ஒரு மணி நேரம் தாமதித்தால் அந்த நேரத்தில் இன்னொருவர் பணம் போயிருக்கும்.

5. இழந்ததை மீட்டுத் தருகிறேன் என்று வருபவரை நம்பாதீர்கள். ஏமாந்தவர்கள் தங்கள் கதையை எழுதும் இடங்களிலெல்லாம் "நானும் இழந்தேன், இவர்தான் மீட்டுக் கொடுத்தார்" என்று ஒரு பெயரோடு பதில் வரும். ஹேக்கர், வழக்கறிஞர், சில நேரம் காவல் அதிகாரி என்றும் வேடம். முன்பணம் கேட்பார்கள்.

என் நண்பருக்கு வாட்ஸ்அப் எட்டாம் நாள் திரும்பக் கிடைத்தது. அடுத்த வாரமே அப்படி ஒரு மீட்பர் அவரைத் தேடி வந்தார், நண்பர்கள் இழந்த பணத்தைத் திருப்பித் தருகிறேன், கட்டணம் கொஞ்சம்தான் என்று. அதை எனக்குக் காட்டி நம்பலாமா என்று கேட்க நினைத்திருக்கிறார். வாட்ஸ்அப்பில் அனுப்பவில்லை. போன் செய்து, "யோவ், நான்தான்" என்று ஆரம்பித்தார்.